எங்கள் குடியிருப்பின் ஐந்து நிரந்தர உறுப்பினர்கள்

செம்பாக்கம்,
ஞாயிற்றுக்கிழமை

பெருமதிப்புக்குரிய அத்திம்பேர் அவர்களுக்கு, மைத்துனன் ஸ்ரீநிவாசராகவன் அநேக நமஸ்காரங்களுடன் எழுதுவது. இங்கே எங்கள் திருநீர்மலை ரங்கநாதன் கிருபையால் தண்ணீர் ஒன்றைத் தவிர மற்ற யாவும் சௌக்கியம். அங்கே உங்கள் ஸ்ரீரங்கத்து ரங்கநாதன் கிருபையால் தாங்களும் அக்காவும் சௌக்கியமென்றும், குழாயைத் திறந்தால் ஏதாவது வருகிறதென்றும் நம்புகிறேன்.

இதைப் போனில் சொல்லாமல் மெனக்கெட்டு உட்கார்ந்து எழுதிக் கூரியரில் அனுப்புவதற்குக் காரணம் உண்டு. உங்கள் போனை எடுப்பது அக்கா. ‘உன் பிள்ளை’ என்று நான் ஆரம்பித்தால் ‘சாப்பிட்டானா?’ என்று அவள் முடித்துவிடுகிறாள். சாப்பிட்டான். மூன்று வேளையும் சாப்பிடுகிறான், அந்த விஷயத்தில் யாரும் அவனைக் குறை சொல்ல முடியாது. விஷயம் இதுதான்: தங்கள் சீமந்த புத்திரன் சிரஞ்சீவி ஷ்யாம்சுந்தரை, இந்தக் கடிதம் கண்டதும், கையோடு வந்து அழைத்துக்கொண்டு போய்விட வேண்டும். அடுத்த வெள்ளிக்கிழமை இந்த வீட்டில் என் பெண் ஸ்ம்ருதிக்கு வளைகாப்பு. உங்கள் திருச்சியிலிருந்து சம்பந்தி வீட்டார் ஒரு வேன் நிறைய வருகிறார்கள். வீட்டில் கை கழுவத் தண்ணீர் இல்லை. அதற்குக் கோடையைக் குறை சொல்ல மாட்டேன், ஏரியையும் சொல்ல மாட்டேன், ஏரி பாவம் பால்கனிக்கு எதிரே தளும்பிக்கொண்டுதான் இருக்கிறது. காரணம் உங்கள் பிள்ளையும் அவன் படிப்பும்.

‘ரெண்டே மாசம், ஒரே பரீட்சை, படிக்க அமைதியா ஒரு இடம் வேணும்’ என்று சொல்லிப் போன வருஷம் தை மாதம் கொண்டுவந்து விட்டீர்கள். அமைதியான இடமாகத்தான் இருந்தது, அவன் வரும்வரை. பொது அறிவுத் தாளில் சர்வதேச அமைப்புகள் என்று ஒரு பகுதி உண்டாம். அதிலிருந்து ஒரு கேள்வி வரலாம், இரண்டு வரலாம், வராமலும் போகலாமாம். அந்த வராமல் போகக்கூடிய கேள்விக்காக, உலகத்தில் மனிதர்கள் கூடிப் பேசிக் கலைவதற்கென்று எங்கெல்லாம் கட்டடம் கட்டி வைத்திருக்கிறார்களோ அத்தனையையும் இவன் பல் தேய்க்கும்போதே ஒப்பிக்கிறான். சுகாதாரத்துக்கு ஜெனீவா, விவசாயத்துக்கு ரோம், தபாலுக்கு பெர்ன், அணுவுக்கு வியன்னா. கடலுக்கு அடியில் கிடக்கும் தரைக்கும் ஓர் ஆணையம் இருக்கிறதாம், அத்திம்பேர், அது ஜமைக்காவில் இருக்கிறதாம். கோவளத்துக்குத் தாம்பரத்திலிருந்து எந்த பஸ்ஸில் ஏற வேண்டும் என்று கேட்டால் மட்டும், ‘அது சிலபஸ்ல இல்லை மாமா’ என்கிறான்.

போன மாதம் ஏழு மாதக் கர்ப்பத்தோடு ஸ்ம்ருதி ரயிலில் வந்து இறங்கினாள். தாம்பரம் ஸ்டேஷனுக்குக் கிழக்குப் பக்கம் ஒரு வாசல், மேற்குப் பக்கம் ஒரு வாசல். எங்கள் வீடு கிழக்கில். அவளை அழைத்து வரப் போன உங்கள் பிள்ளை மேற்கில் போய் நின்றான். குழந்தை பெட்டியும் கையுமாக வெயிலில் இந்தப் பக்கம் நிற்கிறாள், இவன் அந்தப் பக்கம் நிற்கிறான், நடுவில் அத்தனை தண்டவாளமும் ஓடுகிறது. வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். ‘கோச்சிங் சென்டர் அந்தப் பக்கம்தானே மாமா, பழக்கத்துல போயிட்டேன். நின்ன நேரம் வீணாகலை, ஜி-20 நாடு அத்தனையும் ரிவைஸ் பண்ணிண்டேன்’ என்றான். அன்றைக்கே உங்களுக்கு எழுதியிருக்க வேண்டும். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்டவன் குடையுதே என்று புலம்பி என்ன பயன்.

ஓணானை மடியில் கட்டியது எப்படி என்று சொல்கிறேன். எங்கள் குடியிருப்பில் பதினெட்டு வீடுகள். சங்கம் ஒன்று ஆரம்பித்தார்கள். முதல் கூட்டத்துக்கு நேரத்தோடு போன ஒரே ஆள் நான் என்பதால் என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். சங்கத்துக்கு விதிமுறை எழுத வேண்டும். வக்கீலிடம் போவானேன், வீட்டிலேயே ஒருவன் எந்நேரமும் விதிமுறையாகப் படித்துக்கொண்டிருக்கிறானே என்று இவனிடம் சொன்னேன். காபி ஆறுவதற்குள் எழுதிக்கொண்டு வந்துவிட்டான். அதில் ஐந்து நிரந்தர உறுப்பினர்கள், அவர்களுக்கு வீட்டோ அதிகாரம். பதினேழு வீடு சரி என்றாலும் அந்த ஐவரில் ஒருவர் கூடாது என்றால் கூடாதுதான். மற்ற பதின்மூன்று வீட்டாரும் முறைவைத்து வந்து உட்கார்ந்து, மிக்சர் சாப்பிட்டுவிட்டுப் போகலாம். ‘இது எதுக்குடா?’ என்றேன். ‘மாமா, சண்டையில ஜெயிச்சவாளுக்குத்தான் வீட்டோ. பில்டரோட மல்லுக்கு நின்னு முதல்ல சாவி வாங்கினது நீங்க அஞ்சு பேர்தானே, அப்ப நீங்கதான் நேச நாடுகள்’ என்றான். அன்றைக்கு எனக்கு அது மிகவும் நியாயமாகப் பட்டது.

அந்த ஐவர் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். தரைத்தளத்தில் ஐசக் சார், கல்லூரியில் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவர். முதல் மாடியில் தீபா மேடம், வங்கி அதிகாரி. மூன்றாவது மாடியில் உமேஷ், கம்ப்யூட்டர் கம்பெனி. பக்கத்து வீட்டு ஜோசலின் டீச்சர், வீட்டைப் பூட்டிக்கொண்டு மகனோடு துபாய்க்குப் போய்விட்டவர், உரிமையை மட்டும் கையோடு எடுத்துப் போயிருக்கிறார். ஐந்தாவது அடியேன்.

போன வாரம் போர்வெல் மோட்டார் எரிந்துபோயிற்று. மாடித் தொட்டி காலி. எந்த ஊரிலும் எலக்ட்ரீசியனைக் கூப்பிடுவார்கள், நாங்கள் கூட்டத்தைக் கூட்டினோம். காயிலை மாற்றிக் கட்டிப் பழைய மோட்டாரையே போடலாம் என்றது முதல் தீர்மானம். உமேஷ் மறுத்தார். ‘ஏன் எரிஞ்சதுன்னு ரூட் காஸ் தெரியாம ரிப்பேர் பண்ணா மறுபடி எரியும் சார். ஃபர்ஸ்ட் ஒரு அனாலிசிஸ் பண்ணுவோம்.’ சரி, அதே இடத்தில் ஆழமாகத் தோண்டிப் புதிய மோட்டார் போடலாம் என்றோம். ஐசக் சார் மறுத்தார், தோண்டுகிற மண்ணெல்லாம் அவர் வாசலில்தான் கொட்டுமாம். லாரித் தண்ணீராவது வாங்கலாம் என்றோம். தீபா மேடம் மறுத்தார், லாரி பின்னால் வரும்போது அவர் கார் கண்ணாடியை உரசிவிடுமாம். மூன்றையும் ஜோசலின் டீச்சர் துபாயிலிருந்து வாட்ஸ்அப்பில் மறுத்தார். ‘நான் அங்க குளிக்கிறதே இல்லையே’ என்று ஒரு வரி, அதற்குக் கீழே கைகூப்பிய பொம்மை. வளைகாப்புக்கு மட்டும் என் கைக்காசில் ஒரு லாரி கொண்டுவருகிறேன் என்று கெஞ்சினேன். கீழ்த்தொட்டி பொதுச் சொத்து, அதில் ஒரு சொட்டு விழுவதானாலும் தீர்மானம் வேண்டும் என்றார் தீபா மேடம். தீர்மானம் வைத்தேன். அவரே மறுத்தார்.

இதற்கு ஒரு வழி சொல்லடா என்று உங்கள் பிள்ளையைப் பிடித்தேன். ‘நடைமுறை விஷயத்துக்கு வீட்டோ செல்லாது மாமா. தண்ணீர்ங்கிறது நடைமுறை விஷயம்னு முதல்ல ஒரு தீர்மானம் போடுங்கோ’ என்றான். அடடா, படித்த பிள்ளை படித்த பிள்ளைதான் என்று நெஞ்சு குளிர்ந்து போட்டேன். தண்ணீர் நடைமுறை விஷயமல்ல என்று உமேஷ் அதையே மறுத்துவிட்டார். உங்கள் பிள்ளை துள்ளிக் குதித்துக்கொண்டு என்னிடம் வந்தான். ‘மாமா, இதுக்குப் பேர்தான் டபுள் வீட்டோ. புஸ்தகத்துல படிச்சப்ப மண்டையில ஏறவே இல்லை, இப்ப நன்னாப் புரிஞ்சுடுத்து.’ ஆக, பதினேழு குடும்பம் குளிக்காமல் இருப்பதில் ஒருவனுக்காவது பாடம் புரிந்தது.

செயலாளர் என்ற முறையில் நான் என்ன செய்யலாம் என்று கேட்டேன். ஆழ்ந்த கவலை தெரிவிக்கலாமாம். தினமும் காலையில் குடியிருப்புக் குழுவில் ஆழ்ந்த கவலை தெரிவிக்கிறேன், நாலு பேர் கட்டைவிரல் தூக்குகிறார்கள். கீழ்த்தொட்டியில் மிச்சமிருந்த அரையடித் தண்ணீரை யாரும் இரவல் வாங்கிவிடாமல் இருக்க, வாட்ச்மேன் அந்தோணிசாமிக்கு ஒரு நீலத் தொப்பி வாங்கி மாட்டி, அமைதிப் படை என்று தொட்டி மேல் நிறுத்தினான் உங்கள் பிள்ளை.

‘யாராவது பக்கெட் எட்த்துகினு வந்தா நான் இன்னா சார் பண்ணணும்?’ என்று கேட்டார் அந்தோணிசாமி.

‘தடுக்கக் கூடாது. பாத்துண்டே இருந்து ரிப்போர்ட் குடுக்கணும்.’

‘அதுக்கு இன்னாத்துக்கு சார் தொப்பி?’

உங்கள் பிள்ளை புஸ்தகத்தைப் புரட்டிக்கொண்டே மாடிக்குப் போய்விட்டான். அரையடித் தண்ணீர் மறுநாளே காலி. பாத்திரம் தேய்க்க வருகிற கன்னியம்மா சிங்க்கை எட்டிப் பார்த்துவிட்டு, ‘தண்ணி கீதுன்னா ஒரு போன் போடும்மா, ஓடியாறேன். இல்லாங்காட்டி இன்னாத்த வெச்சு தேய்க்கிறது, பேஜாரு’ என்று சொல்லிப் போனவள் போனவள்தான். என் தர்மபத்தினி சாவித்ரி என்னைப் பார்த்து, ‘ஏன்னா, உலகத்துல சண்டை நிக்கறது எப்ப வேணா நிக்கட்டும். வர்றவாளுக்குக் கால் அலம்ப ஒரு சொம்பு ஜலத்துக்கு வழி பண்ணுவேளா மாட்டேளா?’ என்றாள். கேன் தண்ணீரில் கால் அலம்பச் சொன்ன முதல் சம்பந்தி என்ற பெயர் எனக்குக் கிடைக்கப் போகிறது.

இவ்வளவு பாடுபட்டுப் படிக்கிறானே, பரீட்சையாவது தேறுவான் என்று நினைப்பீர்கள். நேற்று கோச்சிங் சென்டரில் மாதிரித் தேர்வு. பாதுகாப்புச் சபையில் மொத்தம் எத்தனை உறுப்பினர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். ஐந்து என்று எழுதியிருக்கிறான். பதினைந்தாம். ‘நம்ம அபார்ட்மென்ட் ஞாபகத்துலயே இருந்தேன் மாமா, மத்தவாளை மறந்தே போயிட்டேன்’ என்றான். கணக்குப் பகுதியில், ஒரு தொட்டியை ஒரு குழாய் ஆறு மணி நேரத்திலும் இன்னொரு குழாய் நாலு மணி நேரத்திலும் நிரப்பினால், இரண்டையும் சேர்த்துத் திறந்தால் எப்போது நிரம்பும் என்று ஒரு கேள்வி. அதைத் தொடவே இல்லை. ஏன் என்றேன். ‘யார் யார் ஒத்துக்கணும்னு குடுக்கலையே மாமா’ என்கிறான்.

அத்திம்பேர், கேலியாக எழுதினாலும் மனசு மிகவும் கஷ்டமாக இருக்கிறது. எனக்கு இருப்பது ஒரே பெண். கல்யாணத்தை மண்டபத்தில் சம்பந்தி வீட்டார் இஷ்டப்படி செய்தோம். வளைகாப்பாவது பிறந்த வீட்டில், நான் கடன் போட்டு வாங்கிய வீட்டில் நடக்கட்டும் என்று ஆசைப்பட்டேன். அந்தக் குழந்தை நேற்று கால் வீங்கிப்போய், தெருவில் எங்கேயாவது தண்ணீர் கிடைக்குமா என்று ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்கினாள். நான் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டேன். இந்த வீட்டோ என்கிற பீடையைக் கண்டுபிடித்தவனும் நன்றாயிருக்க மாட்டான், இங்கே கொண்டுவந்தவனும் நன்றாயிருக்க மாட்டான் என்று வாய்வரை வந்தது. உங்கள் பிள்ளையாயிற்றே என்று விழுங்கினேன். ஒரு மனிதன் வேண்டாம் என்றால் ஊரே தாகத்தில் சாக வேண்டும் என்பது என்ன அதிகாரம்? அதைக் கையில் வைத்திருப்பவனுக்குத் தூக்கம் எப்படி வருகிறது? ஆகவே தயவுசெய்து வாருங்கள், அவனை அழைத்துப் போங்கள், ஸ்ரீரங்கத்திலும் நூலகம் இருக்கிறது, அங்கேயும் ஜெனீவா ஜெனீவாவில்தான் இருக்கும்.

அக்காவுக்கு என் நமஸ்காரங்கள். சாவித்ரி உங்கள் இருவரையும் சேவித்துக்கொள்கிறாள், ஸ்ம்ருதிக்கு உங்கள் ஆசீர்வாதம் வேண்டும். சுகப்பிரசவம் ஆக வேண்டுமென்று தாயார் சந்நிதியில் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

இப்படிக்கு,
ஆழ்ந்த கவலையுடன்,
ஸ்ரீநிவாசராகவன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் அவசரக் கூட்டம் என்று கூப்பிட்டார்கள். ஸ்ம்ருதி வாளி தூக்கியதை ஐசக் சாரும் பார்த்திருக்கிறார். எழுந்து நின்று, ‘தப்பு நம்ம அஞ்சு பேர் மேலதான். வீட்டோவை இன்னையோட எடுத்துருவோம். நாளைக்கே புது மோட்டார் இறங்கட்டும், மண்ணு என் வாசல்லயே கொட்டட்டும்’ என்றார். தீபா மேடம் சரி என்றார். உமேஷ் சரி என்றார். துபாயிலிருந்து கட்டைவிரல் வந்தது. பாக்கி என் ஒருவன் சம்மதம்தான். வந்திருந்த அத்தனை வீட்டாரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அத்திம்பேர், உத்தியோகத்தில் இருந்த காலம் முழுக்க ‘சரி சார்’ என்று சொல்லியே ஓய்வு பெற்றவன் நான். என் பதிலுக்காக ஒரு கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது இதுதான் முதல் தடவை. நான் மறுத்துவிட்டேன்.

ஆகவே வளைகாப்பு உங்கள் வீட்டில். சம்பந்திக்கும் திருச்சி, அவர்களுக்கும் சௌகரியம். அக்காவிடம் மொட்டைமாடித் தொட்டியை ஒரு தடவை கழுவி நிரப்பி வைக்கச் சொல்லுங்கள். ஷ்யாமை அழைத்துப் போக வர வேண்டாம், அவன் இங்கே எனக்கு வேண்டும், நான் மறுத்ததற்கான நியாயங்களை உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறான். சாவித்ரியும் ஸ்ம்ருதியும் புதன்கிழமைக் காலை ரயிலில் புறப்பட்டு வருகிறார்கள். நானும் வரலாமா என்று சாவித்ரியிடம் கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.