விட்டுடு என்று கத்தியது யார்

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

தம்பி பணிவுடன் எழுதிக்கொள்வது. தாங்களும் அத்தானும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லை. மற்றபடி எதுவும் சரியில்லை. போனில் சொல்ல வாய் வராததால் கடிதம்.

எங்கள் பஸ் டிப்போ கால்பந்து அணிக்கு என்னை மேலாளராகப் போட்ட செய்தியைப் போன மாதம் கொஞ்சம் பெருமையாகவே சொல்லியிருந்தேன். ஏன் போட்டார்கள் என்பதைச் சொல்லவில்லை. டைம் ஆபீசில் உட்கார்ந்து இருபது வருஷமாகக் கத்திக் கத்தி பஸ் அனுப்புகிறேனே, அந்தத் தொண்டைதான் காரணம். ஞாயிற்றுக்கிழமை தபால் ஆபீஸ் அணியோடு என் முதல் ஆட்டம். அவர்கள் கேப்டனுக்கு அடுத்த மாதம் ஓய்வு. இரண்டு முழங்காலிலும் பட்டை கட்டிக்கொண்டு ஓடுகிற மனுஷர். அவர்களிடம் ஏழு கோல் வாங்கினோம். நாங்கள் போட்டது ஒன்றுமில்லை. எல்லாவற்றையும் கெடுத்தது முதல் கோல்தான், அக்கா. அந்த மனுஷர் உதைத்த பந்து, போகட்டுமா வேண்டாமா என்று யோசித்து யோசித்து உருண்டு வருகிறது. டயர் செக்‌ஷன்காரன், ஜாக்கி என்று கூப்பிடுவோம், அதைத் தூக்கி அடிக்கக் காலை ஓங்கிவிட்டான். கோலில் நிற்பது யாரு, உன் பெரியவன்தானே, அவனும் பிடிக்கக் குனிந்துவிட்டான். அந்த நேரம் பார்த்து வெளியிலிருந்து “விட்டுடு” என்று ஒரு சத்தம். கோல்கீப்பர் பிடிக்கட்டும், நீ விடு என்று ஜாக்கிக்குச் சொன்னது அது. ஜாக்கி விட்டான். உன் பிள்ளை சொன்ன பேச்சைத் தட்டாதவன், நீ வளர்த்த வளர்ப்பு அப்படி, அவனும் விட்டுட்டான். பந்து இரண்டு பேருக்கும் நடுவே போய்க் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றது. அப்புறம் அவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மீதி ஆறும் அப்படியே போனது.

தோற்றால் தலைவன் பழியை ஏற்க வேண்டும் என்கிறார்களே என்று, உடை மாற்றும் அறையில் எல்லோரையும் உட்காரவைத்து, “இந்தத் தோல்விக்கு நானே பொறுப்பு” என்றேன். ஐயோ, அப்படிச் சொல்லாதீங்க சார் என்று நாலு பேராவது சொல்வார்கள் என்று நிறுத்திப் பார்த்தேன். ஜாக்கிதான், “ஆமா சார். நீங்களே சொல்லிட்டீங்க, ரொம்ப சந்தோஷம்” என்றான். எனக்குச் சுருக்கென்றது. “பொறுப்புன்னா பொதுவாச் சொன்னேன்ப்பா, குறிப்பா எதையும் சொல்லலை” என்று வெளியே வந்துவிட்டேன். உன் பிள்ளை மட்டும் தலையைக் குனிந்தபடி ஷூ லேஸை அவிழ்த்துக்கொண்டிருந்தான். அது ஏற்கெனவே அவிழ்ந்திருந்த லேஸ்.

மறுநாள் டிப்போ பெரிய ஐயா கூப்பிட்டார். “தலைமைப் பண்பு வேணும்யா. வெள்ளிக்கிழமைக்குள்ள யாரையாவது தூக்கு. இல்லேன்னா உன்னைத் தூக்கறேன்” என்றார். அந்தப் பேச்சு டிப்போ பூரா பரவிவிட்டது. மூன்று நாள் யோசித்தேன். வேறு எவனைத் தூக்கினாலும் சொந்தக்காரனைக் காப்பாற்றிவிட்டான் என்று பேச்சு வரும். ஆகவே மிகுந்த மனவேதனையுடன் உன் பெரியவனையே நீக்குவது என்று முடிவெடுத்திருக்கிறேன். ஒர்க்‌ஷாப்பில் எஞ்சினோடு மாரடித்துவிட்டு வருகிறவனுக்கு இருக்கிற ஒரே சந்தோஷம் அந்த ஆட்டம்தான், எனக்குத் தெரியாதா. ஒரே வீட்டில் இருக்கிறோம், ஒரே மேஜையில் சாப்பிடுகிறோம், ஞாயிற்றுக்கிழமையிலிருந்து என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நீதான் அவனுக்குப் பக்குவமா எடுத்துச் சொல்லணும். மாமா எது செஞ்சாலும் நியாயமாத்தான் செய்வார்னு சொல்லு.

அத்தானுக்கு என் வணக்கம். சின்னவளுக்கு ஆசிகள். எல்லோரும் நோய்நொடியில்லாமல் நெடுநாள் இருக்க வேண்டும். என்மேல் வரும் கோபம் மட்டும் அவ்வளவு நாள் இருக்க வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள தம்பி

பின்குறிப்பு: கடித உறையை ஒட்டப் பசை கேட்டு ஒர்க்‌ஷாப் பக்கம் போனேன். ஒரு பஸ்ஸுக்கு அந்தப் பக்கம் ஜாக்கியின் குரல். “உங்க மாமா கத்தினது மைதானம் பூரா கேட்டுச்சுடா. நீ எதுக்குப் பழியைச் சுமக்கிற? பெரிய ஐயாகிட்டப் போய்ச் சொல்லிடவா?” உன் பிள்ளை, “வேணாம்டா. வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறு. மாமாவே சொல்லுவார்” என்றான். ஆமாம் அக்கா, கத்தியது நான்தான். வெட்கம் பிடுங்கித் தின்றது. பஸ்ஸைச் சுற்றிப் போய் அங்கேயே சொன்னேன். “தெரியும் சார்” என்றான் ஜாக்கி. பெரிய ஐயாவிடமும் சொல்லியாயிற்று; என்னை என்ன செய்வது என்று அவர் யோசிக்கிறார். ஞாயிற்றுக்கிழமை கோலில் உன் பெரியவன்தான் நிற்கிறான். நானும் இருக்கலாமாம், வாயைத் திறக்காமல். மத்தியானம் சாப்பிடும்போது, “மாமா, இன்னும் கொஞ்சம் போட்டுக்கங்க” என்றான். நாலு நாளைக்கு அப்புறம் பேசினது அதுதான், இன்னும் இரண்டு கரண்டி போட்டுக்கொண்டேன். திரும்ப எழுதத் தாள் இல்லை. மேலே எழுதினதையெல்லாம் விட்டுடு, அக்கா. இது உனக்கு மட்டும் சொன்னது.