முதல் பாதி விழுப்புரம், மறு பாதி திண்டிவனம்

முதலாளியை எதிர்த்து நின்ற கண்டக்டர்கள் இந்த நாட்டில் எத்தனையோ பேர் இருக்கலாம். சம்பளத்துக்காக நின்றிருப்பார்கள், லீவுக்காக நின்றிருப்பார்கள். ஒரு கார்ட்டூன் பெண்ணுக்குக் கடைசியில் என்ன ஆனது என்பதைச் சொல்ல மாட்டேன் என்று படிக்கட்டில் நின்று, அதற்காக வேலையையே பணயம் வைத்தவர் உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் பாதிப்பட அண்ணன்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் எனக்குத் தெரியாது. விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே ஓடும் தனியார் பஸ் ஒன்றில் கண்டக்டர். திண்டிவனத்தில் கம்ப்யூட்டர் டீச்சராக வேலை கிடைத்த நாளிலிருந்து நான் தினமும் அந்த பஸ்ஸில்தான் போனேன். மற்ற பஸ்களில் குத்துப்பாட்டு ஓடும். எங்கள் பஸ் டிவியில் தமிழ் பேசும் இரண்டே இரண்டு கார்ட்டூன் படங்கள். இரண்டிலும் ஐந்து நிமிடத்துக்கு ஒரு பாட்டு. இரண்டிலும் ஒரு பெண்தான் எல்லாம்.

"வேற படமே கிடைக்கலையாண்ணே?" என்று முதல் வாரத்தில் கேட்டுவிட்டேன்.

"மத்த படத்துல எல்லாம் பொண்ணு நாலு பாட்டுக்கு வந்துட்டுப் பூடும் டீச்சர். இந்த ரெண்டுலயும் பொண்ணுதான் வண்டியே ஓட்டுது. நீ டிக்கெட் வாங்கு."

காலையில் ஓடுவது மலைக்காரி படம். மழையைக் குகைக்குள் பூட்டி வைத்திருக்கும் ஒரு கல் பூதத்திடம் போய் மழை கேட்கவேண்டிய ஆடு மேய்க்கும் பெண். சாயங்காலம் ஓடுவது மணிக்காரி படம். ஆற்றங்கரை ஊரில் வெள்ளம் வந்தால் மணி அடித்துச் சொல்லவேண்டிய காவல்காரரின் மகள்.

சிக்கல் என்னவென்றால், விழுப்புரத்தில் புறப்படும்போது அண்ணன் படத்தைப் போடுவார். சரியாகத் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் இடைவேளை விழும். மறு பாதி, அதே பஸ் விழுப்புரத்துக்குத் திரும்பும்போது ஓடும். காலையில் போய் சாயங்காலம் திரும்பும் என்னைப் போன்ற விழுப்புரத்துக்காரர்களுக்குக் கிடைப்பது மலைக்காரியின் முதல் பாதியும் மணிக்காரியின் மறு பாதியும் மட்டும். வருஷக் கணக்கில் அதேதான்.

மலைக்காரி முதல் பாதி முழுக்க இடி இடித்தால் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டு பாட்டுப் பாடுவாள். கோழி துரத்தினால்கூட ஓடுவாள். மணிக்காரியோ, நாங்கள் பார்க்கும் பாதியில், ஊரே மேட்டுக்கு ஓடும்போது தனியாகக் கோபுரத்தில் நின்று, கை வழுக்கியதும் கயிற்றைப் பல்லில் கவ்வி மணி அடிப்பாள். ஆக, விழுப்புரத்தின் ஏகமனதான தீர்ப்பு: மணிக்காரி சிங்கம், மலைக்காரி தண்டம்.

ஒரு நாள் பள்ளிக்கூடச் சாவியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்து, திண்டிவனத்தில் இறங்கிய பஸ்ஸிலேயே மறுபடி ஏறினேன். பக்கத்து சீட்டில் திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு வேலைக்குப் போகும் ஒரு நர்ஸ் அக்கா. சும்மா இல்லாமல் சொன்னேன், "இந்தக் கோழிக்குப் பயந்தவளை வெச்சு எப்படித்தான் படம் எடுத்தாங்களோ."

அக்கா என்னை ஊசி போடப்போகிற பார்வை பார்த்தார். "யாரு, மலைக்காரியா பயந்தவ? பூதத்தோட மூக்கு மேல ஏறி நின்னுக்கினு பாடுறா. அந்த மணிக்காரிதான் ஏணியில ரெண்டு படி ஏறினதும் தலை சுத்துதுன்னு இறங்கிப் பொய் சொல்லிக்கினு திரியறா."

"மணிக்காரியா? தலை சுத்துதா? பல்லுல கயிறு கடிக்கிறவளுக்கா?"

"எந்தப் பல்லு? எந்தக் கயிறு?"

அப்போதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் விளங்கியது. நாற்பது கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு ஊர்கள், ஆளுக்கு அரை அரையாக இரண்டு பெண்களைத் தெரிந்து வைத்துக்கொண்டு, எதிரெதிராகச் சத்தியம் செய்துகொண்டிருக்கின்றன. அன்று கூட்டேரிப்பட்டு தாண்டுவதற்குள் மலைக்காரி பூதத்தின் மூக்கில் ஏறிவிட்டாள்.

முழுசாகத் தெரிந்தவர் அண்ணன் ஒருவர்தான். அவரிடம் போய், "யாருண்ணே பெரிய தைரியசாலி?" என்று கேட்டால், சிக்கலான பரீட்சை எல்லாம் வைப்பார். "ரெண்டு பேரையும் முகூர்த்த நாள்ல விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுல வுடு. மலைக்காரி ஜன்னல் வழியா ஏறி சீட்டு புடிச்சுடுவா. மணிக்காரி படியில நின்னுக்கினே வருவா, ஆனா கெழவிங்க எல்லாத்தையும் ஏத்திட்டுதான் வருவா. இப்ப நீ சொல்லு."

"நீங்க சொல்லுங்கண்ணே."

"நான் சொல்லிட்டா ஒரு ட்ரிப்பு காலியாப் பூடும்."

மறு பாதியில் என்ன நடக்கும் என்று கேட்டால் மட்டும் பரீட்சையும் கிடையாது, பதிலும் கிடையாது. "ஏறி வந்து பாரு." இதுதான் அவர் சட்டம். காய்ச்சலில் கிடந்தவர் போன் செய்து கேட்டும் சொல்லாதவர். கல் பூதம் பாடும்போது டிக்கெட் கொடுக்கமாட்டார். விசிலைக்கூடத் தாளம் தப்பாமல்தான் ஊதுவார். மல்லாட்டைக் கடலை மூட்டையோடு ஏறுபவர்கள் அதை டிவியை மறைக்காமல் வைக்கவேண்டும். டிரைவர் மாமாவின் நிலைதான் பரிதாபம். டிவி அவர் முதுகுக்குப் பின்னால். இரண்டு படத்தையும் பல வருஷமாகக் காதால் மட்டுமே பார்த்தவர். "அந்தப் பூதம் அவளுக்குத் தாய்மாமன் முறைதானே?" என்று என்னிடம் ஒருமுறை ரகசியமாகக் கேட்டார். பூதத்தின் குரலில் அவ்வளவு உரிமை தெரிகிறதாம்.

இப்படிப்பட்ட பஸ்ஸுக்குத்தான் ஆபத்து வந்தது. எங்களுக்கு ஐந்து நிமிடம் முன்னால் புதுப் பஸ் ஒன்று, கலர் விளக்கும் குத்துப்பாட்டுமாக ஓட ஆரம்பித்தது. கூட்டம் அந்தப் பக்கம் சாய்ந்தது. முதலாளி சொல்லி அனுப்பிவிட்டார்: பொம்மைப் படத்தை நிறுத்து, இல்லாவிட்டால் வேலையை விட்டு நின்றுகொள். அண்ணன் தலையாட்டினார். மறுநாளும் மலைக்காரி கட்டிலுக்கு அடியில் பாடினாள்.

கடைசியில் முதலாளியே வந்துவிட்டார். ஒரு சாயங்காலம் விழுப்புரத்தில் ஏறி, முதல் சீட்டில் உட்கார்ந்து, மணிக்காரியின் முதல் பாதி முழுவதும் போனில் யாரையோ திட்டிக்கொண்டே வந்தாராம். வேலை முடிந்து அதே பஸ்ஸில் ஊர் திரும்பிக்கொண்டிருந்த நர்ஸ் அக்கா சொன்னது இது. திண்டிவனத்தில் ஏறக் காத்திருந்த நான் பார்த்தது, வெள்ளை வேட்டியில் முதலாளி இறங்குவதையும், அவரைக் கல்யாண ரிசப்ஷனுக்குக் கூட்டிப்போக ஒரு கார் நிற்பதையும்தான்.

"நாளையிலேருந்து பாட்டுப் போடு. இல்லாட்டி வேற ஆளு போடுறேன்" என்றார்.

"சரிங்க மொதலாளி."

ஒரு கால் தரையில், ஒரு கால் படியில். முதலாளி நின்றார். "ஆமா, மேட்டுக்கு எல்லாம் ஓடுறானுங்க, அந்தப் பொண்ணு ஏணிக்குக் கீழ நின்னுக்கினு அழுவுதே. அப்புறம் இன்னா ஆவுது?"

அண்ணனின் டிக்கெட் பை ஆடியது. காற்று இல்லை. கைதான் ஆடியது.

"ஏறி வந்து பாருங்க மொதலாளி."

"யோவ், நான் உன் மொதலாளிய்யா."

"டிக்கெட் எடுத்தவங்களுக்கே சொல்றதில்லீங்க."

பஸ் ஸ்டாண்டே காதைத் தீட்டிக்கொண்டது. முறுக்குக்காரர் கூவுவதை நிறுத்திவிட்டார். ஒரே ஒரு வரி சொன்னால் போதும், முதலாளி சிரித்துக்கொண்டு காரில் ஏறிவிடுவார், வேலையும் தப்பலாம். அண்ணன் சொல்லவில்லை. முதலாளி என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, நீ தினம் வர்ற பொண்ணு மாதிரி இருக்கே. நீ சொல்லு."

எனக்கு அந்தப் பாதி மனப்பாடம். கயிறு, பல், மணி, கடைசிப் பாட்டு வரைக்கும் வாயில் வந்து நின்றது. அண்ணன் என்னைப் பார்த்தார். கோழி துரத்தும்போது மலைக்காரிக்கு இருக்கும் அதே முழி.

"எனக்கு முதல் பாதி தெரியாது சார்" என்றேன். பொய்யே இல்லை.

டிரைவர் மாமா உதவிக்கு வந்தார். "பூதம் வந்து தூக்கிக்கினு பூடும்னு நெனைக்கிறேன் மொதலாளி."

"இதுல ஏதுய்யா பூதம்?"

"இல்லீங்களா?" மாமா நிஜமாகவே அதிர்ந்துபோனார்.

கார் ஹார்ன் அடித்தது. முதலாளி காரைப் பார்த்தார், டிவியைப் பார்த்தார், "நீங்க போங்கப்பா, நான் வர்றேன்" என்று காருக்குச் சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தார். அண்ணன் அவரிடம் போய் டிக்கெட் கிழித்தார். திண்டிவனம் டு விழுப்புரம், முழு டிக்கெட். முதலாளி வாங்கிக்கொண்டார்.

விக்கிரவாண்டி டோல்கேட்டில் மணிக்காரி கயிற்றைப் பல்லில் கவ்வினாள். முதலாளி முன் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். போன் அடித்தது. எடுக்கவில்லை.

எனக்கு அன்று படத்தில் கண் போகவில்லை. கடைசிப் படியில் தொற்றிக்கொண்டு நின்ற அண்ணனைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். அவருக்கு நடுக்கம் இன்னும் நிற்கவில்லை. மலைக்காரி நடுங்கிக்கொண்டே போனவள், மணிக்காரி நடுங்கிக்கொண்டே நின்றவள். ஊருக்கு அரை அரையாகப் பார்த்ததால் எங்களுக்குத்தான் ஒருத்தியிடம் பயமும் இன்னொருத்தியிடம் தைரியமும் மட்டும் தெரிந்திருந்தது.

விழுப்புரத்தில் இறங்கிய முதலாளி வேட்டியைச் சரிசெய்துகொண்டு, யாரையும் பார்க்காமல் கேட்டார்:

"அந்த இன்னொரு படம் எத்தினி மணிக்கு?"

"காலையில மொத ட்ரிப்பு, மொதலாளி."

"ம்" என்று போய்விட்டார். படத்தை நிறுத்தச் சொல்லி அப்புறம் யாரும் வரவில்லை.

இப்போது நான் சென்னையில் வேலை பார்க்கிறேன். அந்த இரண்டு படங்களும் முழுசாக என் போனிலேயே கிடைக்கின்றன. மணிக்காரியின் முதல் பாதியைத் தவிர எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன். அதற்குப் பல தடவை விரல் போயிருக்கிறது, ஒவ்வொரு தடவையும் நிறுத்திவிடுவேன். ஒரு நாள் சாயங்காலம் விழுப்புரத்தில் ஏறி, அண்ணனிடம் திண்டிவனத்துக்கு ஒரு டிக்கெட் கேட்கவேண்டும்.