ஏழாம் வரிசையில் அவள், முப்பத்தோராம் வரிசையில் நான்

அன்பும் அதைவிடப் பொறுமையும் மிக்க மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனாரின் ஆசிகள். நானும் உங்கள் அத்தையும் மகன் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டோம். இருவருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. அங்கே நீங்களும் என் மகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எதையும் நம்புவது எனக்கு அவ்வளவு சுலபமில்லை என்பது உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் இந்த ஒரு விஷயத்தில் நம்பிவிடுகிறேன்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். நேற்றுச் சமையலறையில் நின்றுகொண்டு உங்கள் அத்தையிடம் "பிளேன்ல உக்காந்து வந்ததுல கழுத்து வலிக்குதுடி" என்று சொன்னேன், அவ்வளவுதான். சாப்பாட்டு மேஜையில் கிடந்த போனை எடுத்துப் பார்த்தால் கழுத்துத் தலையணை விளம்பரம்! யாரோ ஒட்டுக்கேட்கிறான் மாப்பிள்ளை. இன்சூரன்ஸ் ஆபீஸில், நஷ்டஈடு கேட்டு வருகிறவன் சொல்வது நிஜமா பொய்யா என்று பார்க்கும் பிரிவில் ரிடையர் ஆகிறவரை வேலை பார்த்தவன் நான். சந்தேகப்படுவதற்கே சம்பளம் வாங்கியவன். என் காதில் பூச்சுற்ற முடியுமா? ஆகையால் இனி முக்கியமான விஷயமெல்லாம் காகிதத்தில்தான்.

விஷயம் இதுதான். அன்றைக்கு விமான நிலையத்தில் பெட்டியைப் போட்டுவிட்டுக் கையில் வாங்கிய சீட்டைப் பார்க்கிறேன், உங்கள் அத்தைக்கு ஏழாம் வரிசை, எனக்கு முப்பத்தோராம் வரிசை. கவுன்ட்டரில் இருந்த பெண்ணிடம், "ஏம்மா, நாங்க புருஷன் பொண்டாட்டி, ஒரே டிக்கெட்ல வந்திருக்கோம், இது என்ன கூத்து?" என்றேன். "சேர்ந்து உக்காரணும்னா அதுக்குத் தனியா கட்டணம் இருக்கு சார். நீங்க கட்டல, அதனால கம்ப்யூட்டர் தானா போட்டுருச்சு, தற்செயலா அமைஞ்சதுதான்" என்று சிரித்தாள். தற்செயலாம்! தற்செயலாகத் தீப்பிடித்த கடைகளை நான் எத்தனை பார்த்திருக்கிறேன்! ஒரே விலாசம், ஒரே டிக்கெட், ஒரே நாளில் வாங்கியது, இதையெல்லாம் தெரிந்துவைத்திருக்கிற கம்ப்யூட்டர் எங்களைப் பக்கத்தில் பக்கத்தில் போடுவதற்கு என்ன கஷ்டம்? வேண்டுமென்றே தேடிப்பிடித்துப் பிரித்திருக்கிறது. ஜன்னலுக்கு ஒரு கட்டணம், முன்வரிசைக்கு ஒரு கட்டணம், கால் நீட்டிக்கொள்ள ஒரு கட்டணம். "அப்ப காலை மடக்கிக்கிட்டே வர்றேன், தள்ளுபடி உண்டா?" என்று கேட்டேன். அதற்கும் சிரித்தாள். இவ்வளவு சிரிக்கிறவர்களிடம் எனக்கு எப்போதுமே கொஞ்சம் உஷார் உண்டு.

எனக்கு உட்கார எந்த மூலை கிடைத்தால் என்ன, நான் சமாளிப்பேன். உங்கள் அத்தை விமானத்தில் ஏறுவது இதுதான் முதல் தடவை. லிப்ட் கீழே இறங்கினாலே என் சட்டைக்கையைப் பிடித்துக்கொள்கிறவள். அவளை எங்கேயோ முன்னால் தன்னந்தனியாக உட்காரவைத்துவிட்டு நான் கக்கூஸ் வாசலில் உட்கார வேண்டுமா என்பதுதான் என் ஆத்திரம். அவளோ, "விடுங்களேன், நாலு மணி நேரம்தானே" என்றாள். அவ்வளவு சட்டென்று ஏன் சொன்னாள் என்று இன்னமும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஏறி உட்கார்ந்தேன். நடு இருக்கை. இந்தப் பக்கம் ஒருத்தர் குறட்டை, அந்தப் பக்கம் ஒருத்தர் முழங்கை. அங்கிருந்து பார்த்தால் உங்கள் அத்தையின் கொண்டை மட்டும் தெரிகிறது, அதுவும் பக்கத்துக்காரன் பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து ஆடுகிறது. பேசுகிறாளா, அழுகிறாளா? பொறுக்க முடியவில்லை. மாத்திரை கொடுக்கிற சாக்கில் ஒருமுறை போனேன், கண்ணாடி கொடுக்கிற சாக்கில் ஒருமுறை போனேன், மூன்றாவது முறை சாக்குக் கிடைக்காமல் என் சீப்பை எடுத்துக்கொண்டு போனேன். பக்கத்தில் இருந்தவனுக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும், காதில் பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டிருந்தான். "தம்பி, இவங்க என் வீட்டுக்காரம்மா, நாம இடம் மாத்திக்கலாமா?" என்று தன்மையாகத்தான் கேட்டேன்.

"உங்க சீட் எங்க சார்?"

"பின்னாடிதான், அமைதியான இடம்."

"ஜன்னலா?"

"ரெண்டு பக்கமும் துணை இருக்கிற இடம்."

"நடு சீட்டா? சாரி சார், நான் இந்த சீட்டுக்குன்னே காசு கட்டியிருக்கேன்."

மாப்பிள்ளை, யோசித்துப் பாருங்கள், என் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார ஊர் பேர் தெரியாத ஒருத்தன் காசு கட்டியிருக்கிறான்! தாலி கட்டிய நான் கட்டவில்லை! எதற்காகக் கட்டினான், யார் கட்டச் சொன்னது, இவனுக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன தொடர்பு என்று கேட்பதற்குள் பணிப்பெண் வந்து, "சார், பெல்ட் போடச் சொல்லி லைட் எரியுது, உங்க இடத்துக்குப் போங்க" என்று என்னைத் திருப்பி அனுப்பிவிட்டாள். சரியாக நான் கேள்வி கேட்கிற நேரம் பார்த்து லைட் எரிகிறது, கவனித்தீர்களா?

இப்போது உங்களிடம் வருகிறேன். பயணத்துக்கு முன்னால், டிக்கெட் போட்டுக்கொடுத்த உங்களிடமிருந்து எனக்கு ஒரு மெசேஜ் வந்தது. "மாமா, சீட்டுப் பணம் இன்னிக்கே கட்டிடவா? நாளைக்குன்னா ஏறிடும்." கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை படித்தேன். மாதாமாதம் கட்டுகிற ஏலச்சீட்டு என்று நினைப்பேனா, விமானத்தில் உட்காருகிற சீட் என்று நினைப்பேனா? யாரோ ஆபீஸ் சிநேகிதன் உங்களைச் சீட்டில் இழுத்துவிட்டான் என்று முடிவுகட்டி, "நம்ம குடும்பத்துல அந்தப் பழக்கமே கிடையாது, ஒரு பைசா கட்டக் கூடாது, கட்டினப்புறம் ஓடிப்போனா யாரைப் புடிப்பீங்க?" என்று பதில் போட்டேன். அதற்கு நீங்கள், "இது ஓடாது மாமா, பறக்கும்" என்று போட்டீர்கள். இதைப் படித்த எந்த மாமனாருக்குத் தூக்கம் வரும்? என் மகளைக் கூப்பிட்டு உங்கள் சம்பளம் முழுசாக வீட்டுக்கு வருகிறதா என்று ரகசியமாக விசாரித்தேன். அவள் இன்றுவரை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாளாம். குற்றம் யார்மேல்? சீட் என்று எழுதியிருந்தால் தீர்ந்தது. ஒரு 'டு'வைக் கூடச் சேர்த்து என்னையும் அவளையும் இருபத்துநாலு வரிசை பிரித்துவிட்டீர்கள். தெரியாமல்தான் செய்தீர்கள் என்று உங்கள் அத்தை சொல்கிறாள். நானும் இப்போதைக்கு அப்படியே வைத்துக்கொள்கிறேன்.

அப்புறம் விமானம் இறங்கும்போது ஒரு ஆட்டம் ஆடியது பாருங்கள், நானே முன்சீட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். எழுந்திருக்கவும் விடமாட்டேன் என்கிறார்கள், கொண்டையும் தெரியவில்லை. அவள் என்ன பாடுபடுகிறாளோ என்று துடித்துப்போய், தரையில் நின்றதும் நாலு பேரைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். பெட்டி வருகிற இடத்தில் அவள் பாட்டுக்கு முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு நிற்கிறாள்! "எப்படிடி இருந்துச்சு?" என்றால், "நல்லாத்தான் இருந்துச்சு" என்கிறாள். அந்த ஹெட்போன்காரன் அவளுடைய பையை வண்டியில் தூக்கி வைத்துவிட்டு, "வரேன் ஆன்ட்டி" என்று கையசைத்துவிட்டுப் போகிறான். நானில்லாமல் ஒருத்திக்கு எப்படி நன்றாக இருக்கும்? என்னமோ மறைக்கிறாள்.

ஆகவே மாப்பிள்ளை, அடுத்த மாதம் நாங்கள் திரும்புவதற்கு நீங்கள்தான் டிக்கெட் போடப்போகிறீர்கள், கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். சேர்ந்து உட்காருவதற்கென்று அந்தக் கொள்ளைக்காரர்களுக்குச் சல்லிக்காசு கட்டக் கூடாது. கட்டினால் நான் விமானத்தில் ஏறவே மாட்டேன். குடும்பத்தைப் பிரித்துவைத்துவிட்டுச் சேர்த்துவைக்கக் காசு கேட்பவனுக்கு அடிபணிவது எனக்கு ஒத்துவராது. கவுன்ட்டரில் நின்று நியாயம் கேட்டு வாங்கிக்கொள்கிறேன். இது என் கொள்கை, இதில் மாற்றமில்லை.

மகளுக்கு என் ஆசிகள். நீங்கள் இருவரும் ஒருவர் பக்கத்தில் ஒருவராக நெடுங்காலம் நன்றாக இருக்க வேண்டும். கடிதம் பிரிக்கப்படாமல் வந்ததா என்று உறையின் ஓரத்தைப் பார்த்துவிட்டுப் பதில் எழுதவும்.

இப்படிக்கு,
எதையும் விசாரிக்காமல் விடாத உங்கள் மாமா

பி.கு.: உறையை ஒட்டப் போனேன். உங்கள் அத்தை பக்கத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தவள், நான் கேட்காமலே சொன்னாள்: "என்னங்க, அன்னிக்கு இறங்கறப்ப எனக்கு உசிரே இல்ல. கண்ண இறுக்க மூடிக்கிட்டு பக்கத்துல இருந்த கையைப் புடிச்சுட்டேன். நீங்கதான்னு நெனச்சுட்டேன். கண்ணத் தொறந்தா அந்தத் தம்பி. பாவம், அவன் கையை உருவிக்கல, தரையில நிக்கிறவரைக்கும் புடிச்சுக்கிட்டே இருந்தான். சொன்னா நீங்க வருத்தப்படுவீங்கன்னுதான் சொல்லல." கொள்கையாவது மண்ணாவது, மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடுங்கள். எந்த வரிசையானாலும் சரி, நடு இருக்கையானாலும் சரி, அவளுக்குப் பக்கத்து இடத்துக்கு எவ்வளவு கேட்டாலும் கட்டிவிடுங்கள். கடிதம் வந்துசேர நாளாகும், அதற்குள் வேறு எவனாவது கட்டிவிடப் போகிறான். அதனால் இப்போதே போன் செய்கிறேன், ஒட்டுக்கேட்கிறவன் கேட்டுவிட்டுப் போகட்டும்.