ரேஸ் மோட்டார்சைக்கிளும் மிசியின் பையும்

வண்டியின் எடை குறைந்தால் வேகம் கூடும். இதை நான் இன்றைக்கும் நம்புகிறேன். எதைக் கழற்றலாம், எதைக் கழற்றக் கூடாது என்பதில்தான் எனக்குக் கொஞ்சம் பிசகிவிட்டது.

அறுபதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்திரண்டு வயது. கிளிநொச்சியில் டிராக்டர் திருத்தும் கடையொன்றில் வேலை. தங்கியது ஸ்கந்தபுரத்தில் அக்கா வீட்டில். அத்தான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, காணி பெற்று நெல் விதைத்துக்கொண்டிருந்தார். என்னிடம் ஒரு பழைய முந்நூற்றைம்பது சீ.சீ. மோட்டார்சைக்கிள் இருந்தது. அது ஒழுங்காக ஓடியது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

கடைக்கு வந்த ஓர் ஆங்கிலச் சஞ்சிகையில், பந்தயத்தில் ஓடும் மோட்டார்சைக்கிளுக்கு விளக்கும் நம்பர் தகடும் பூட்டித் தெருவுக்கு விட்டிருந்தார்கள். அந்தப் படத்தைப் பார்த்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

முதலில் ஹாண்டிலைக் கழற்றி, முன் ஃபோர்க்கின் இரண்டு பக்கமும் குட்டைக் குழாய்களைத் தாழ்வாகப் பூட்டினேன். கால்மிதிகளைப் பின்னுக்குத் தள்ளினேன். அப்போது ஓட்டுகிறவன் பெற்றோல் தாங்கியின் மேல் படுத்துவிடுவான். காற்று முதுகுக்கு மேலால் போய்விடும். சங்கிலி ஓடும் எஞ்சின் பக்கத்துப் பல்லுச்சில்லைப் பெரிதாக்கினேன். முதல் கியரிலேயே முப்பது மைல் வேகம் வரும். (மெதுவாகப் போக வராது என்பதைச் சஞ்சிகைக்காரன் எழுதவில்லை.) பிறகு சைலன்சர், கண்ணாடி, பின்சீட் என்று ஒவ்வொன்றாகக் கழற்றினேன். கடைசியாகக் கிக் ஸ்டார்ட்டர்.

"அதைக் கழட்டினால் எப்பிடியடா ஸ்டார்ட் பண்ணுவாய்?" என்றார் அத்தான்.

"தள்ளி, அத்தான். ரேசிலை அப்பிடித்தான்."

"அப்ப ஓடுறது வண்டியோ, நீயோ?"

விஞ்ஞானம் தெரியாதவர் என்று மனதுக்குள் மன்னித்துவிட்டேன்.

ஒரு காலையில் அக்காவுக்கு வலி கண்டது. தலைப்பிள்ளை. அத்தானின் முகம் வெளிறிவிட்டது. மூன்று மைல் தள்ளியிருந்த அரசாங்க மருத்துவமாது திரேசம்மாவை அழைத்துவர நான் பறந்தேன். அவர் முல்லைத்தீவுக் கடற்கரைக்காரர். ஊரே அவரை 'மிசி' என்றுதான் கூப்பிடும். கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல்.

விஷயத்தைச் சொல்வதற்குள் மிசி பையோடு சைக்கிளையும் வெளியே எடுத்துவிட்டார்.

"நீ போ தம்பி. நான் சைக்கிளிலை வாறன்."

"சைக்கிளிலை இருபது நிமிசம் மிசி. இதிலை அஞ்சு நிமிசம்!"

"இருக்க இடம் எங்கை?"

பின்சீட் இருந்த இடத்தில் மடித்துக் கட்டியிருந்த சாக்கைக் காட்டினேன். மிசி சாக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தோல் பையைச் சாக்கின் முன்பக்கத்தில் இறுக்கிக் கட்டினார்.

"சரி. அங்கை ஒரு பிள்ளை வலியிலை கிடக்குது. எடு வண்டியை."

"எடுக்கலாம் மிசி. ஆனால்... கொஞ்சம் தள்ள வேணும்."

மிசி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தள்ளினார். என்ன தள்ளு! எஞ்சின் வெடித்துப் பிடித்தது. முதுகில் ஏதோ இடித்தது. மிசி ஏறிவிட்டார் என்று முடிவு செய்து, தாங்கியில் படுத்து முறுக்கினேன்.

படுத்தபடி திரும்பிப் பார்க்க முடியாது. கண்ணாடியும் இல்லை. சைலன்சர் இல்லாத இரைச்சலில் வேறெதுவும் கேட்காது. ஆனாலும் வழிநெடுக ஆறுதல் சொன்னேன். "பயப்பிடாதேங்கோ மிசி! வளைவிலை என்னோடை சேர்ந்து சரியுங்கோ!" இத்தனை பாரத்தோடும் வண்டி இப்படிப் பறக்கிறதென்றால் என் பல்லுச்சில்லுக் கணக்கு எவ்வளவு சரி என்று பூரித்தும் போனேன்.

அத்தான் வாசல் படலையில் நின்றார். "மிசி எங்கை?"

"பின்னாலை."

"பின்னாலை பையெல்லோ இருக்குது!"

திரும்பிப் பார்த்தேன். பைதான் இருந்தது. உள்ளே அக்கா கத்தினாள். அவளுக்கு ஏதாவது நடந்தால் அதற்கு நான்தான் காரணம்.

உடனே திரும்பிப் போகவேண்டும். ஹாண்டிலைத் திருப்பினால் அது தாங்கியில் முட்டியது. அந்த ஒடுங்கிய ஒழுங்கையில் வண்டி வளையாது. நானும் அத்தானும் பின்பக்கத்தைத் தூக்கித் திருப்பி வைத்தோம். தள்ளினோம். பல்லுச்சில்லு பெரிதென்பதால் பின்சில்லு சுழலாமல் மணலில் இழுபட்டதே தவிர எஞ்சின் இருமவும் இல்லை. விடவில்லை நான். மறுபடி தள்ளினேன், விழுந்தேன், எழும்பித் தள்ளினேன். பாதியில் அத்தான் தண்ணீர் கொதிக்கவைக்க ஓடிவிட்டார். முழங்கால் கிழிந்து, கண்ணீரும் புழுதியுமாக நான் தள்ளிக்கொண்டிருந்தபோது சைக்கிள் மணி கேட்டது.

மிசி! வியர்வையில் குளித்திருந்தார். சைக்கிளை வேலியில் சாத்திவிட்டுப் பையை அவிழ்த்தார்.

"நான் தள்ளிவிட்டதுக்கு நல்லாத்தான் ஓடினாய், தம்பி."

அவ்வளவுதான். உள்ளே போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் குழந்தை அழும் சத்தம் கேட்டது. பெண் பிள்ளை, தாயும் பிள்ளையும் சுகம். ஒழுங்கையில் அந்த ரேஸ் வண்டிக்குப் பக்கத்தில் இருந்து நானும் அழுதேன். அன்று பின்னேரமே கிக் ஸ்டார்ட்டரைத் திரும்பப் பூட்டினேன்.

அதற்குப் பிறகு எங்கள் குடும்பம் கோயிலுக்குப் போனாலும் கலியாணத்துக்குப் போனாலும், வாகனம் புறப்பட முன் யாராவது ஒருவர் என்னைப் பார்த்துக் கேட்காமல் விடுவதில்லை: "மிசி ஏறிட்டாவோ?"

அன்று பிறந்த வசந்திக்கும் ஒருநாள் வலி கண்டது. கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்கு நான்தான் கார் ஓட்டினேன். ஸ்டார்ட் பண்ணிவிட்டு, மனம் கேளாமல் இறங்கிப் போய்ப் பின்கதவைத் திறந்து பார்த்தேன்.

வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தவள் என்னைக் கண்டதும் சிரித்துவிட்டாள்.

"மாமா, நான் ஏறிட்டன். பையும் இருக்கு. இனி ஓடுங்கோ!"