பெர்மனென்ட் மார்க்கரும் ஜெசிந்தா தோப்பும்

எனக்குக் கையெழுத்து அழகாக இருக்கும். நான் கெட்டுப்போனதற்கு வேறு காரணம் எதையும் தேட வேண்டியதில்லை.

பள்ளிக்கூடத்து ஆண்டுவிழா அழைப்பிதழ், எங்கள் ஊர் முளைப்பாரி நோட்டீஸ் எல்லாவற்றையும் எழுதியது நான்தான். அந்தக் கர்வத்தோடுதான் மதுரைக்கு ஆராய்ச்சி செய்யப் போனேன். சிலந்தி ஆராய்ச்சி. வலை கட்டாமல் சுவரில் உட்கார்ந்திருந்து ஈயின்மேல் பாய்கிற, நெல்மணி அளவுச் சிலந்தி. விரலை நீட்டினால் ஓடாது, இரண்டு பெரிய கண்ணால் திரும்பி நம்மைப் பார்க்கும். (பெண் பார்க்கப் போன இடத்தில்கூட என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை.)

கேள்வி இதுதான். பாம்பன் கடலுக்கு இந்தப் பக்கம் இருக்கிற தாவும் சிலந்தியும் தீவில் இருக்கிற சிலந்தியும் ஒரே கூட்டமா, இல்லை பிரிந்து வெகுகாலமாகித் தனித்தனி வம்சமாகிவிட்டனவா? ஒரு காலை எடுத்து மரபணுவைப் படித்தால் தெரிந்துவிடும். லாரியிலும் மீன் பெட்டியிலும் நம்மோடு சேர்ந்தே பாலம் தாண்டியிருந்தால் அதுவும் தெரிந்துவிடும். எந்தப் பூச்சி எந்த இடத்தில் பிடித்தது என்று மட்டும் நான் ஒழுங்காக எழுதிவைக்க வேண்டும்.

“லேபிளைப் பென்சில்ல எழுதுங்க,” என்றார் என் வழிகாட்டியான மேடம்.

பென்சில் மூன்றாம் வகுப்போடு முடிந்துபோன விஷயம் என்பது என் கொள்கை. ஏன் பென்சில் என்றுகூட நான் கேட்கவில்லை. கடைக்குப் போய் மெல்லிய முனையுள்ள நீல மார்க்கர் ஒன்று வாங்கினேன். ‘பெர்மனென்ட்’ என்று அதன்மேலேயே அச்சடித்திருந்தது. மேடம் சொன்னதை நம்பவில்லை, பேனா சொன்னதை நம்பினேன்.

தீவில் தங்கச்சிமடத்தில் ஜெசிந்தா அக்கா வீட்டில் பத்து நாள் தங்கினேன். நண்டு வாங்கி ஐஸ் பெட்டியில் போட்டுக் கம்பெனிக்கு அனுப்புகிறவர். வீட்டுக்குப் பின்னால் அவருக்கு ஒரு சின்னப் பனந்தோப்பு இருந்தது. மகளை நர்சிங் படிக்கவைப்பதற்காக அதை லாட்ஜ் கட்டுகிறவர்களுக்கு விற்றிருந்தார். மாதம் பிறந்ததும் மரத்தைச் சாய்ப்பதாக இருந்தார்கள்.

அந்தத் தோப்பில் இருந்த சிலந்திகளில் பாதியைப் பிடித்தது அக்காதான். பனம்பட்டையின் இடுக்கில் இரண்டு விரலை விட்டு, ஒரு கால்கூட முறியாமல் எடுத்துக் கொடுப்பார். நான் பிடித்தவற்றில் பாதி நொண்டி.

“நண்டு பிடிச்ச கைக்கு இது ஒரு வேலையா தம்பி,” என்றார். “சரி, இதுல எங்க தோப்புக்கு என்ன பேரு போடுவ?”

“தங்கச்சிமடம் மூணுன்னு போடுவேன்க்கா.”

“மூணா? தோப்புதான் போகுது. பேராவது ஒழுங்கா போடக் கூடாதா?”

எனக்குச் சுருக்கென்றது. அங்கேயே உட்கார்ந்து, ஒவ்வொரு சின்னச் சீட்டிலும் ‘ஜெசிந்தா தோப்பு’ என்று முத்து முத்தாக எழுதினேன். அழிந்துவிடாதா என்று அக்கா கேட்டார். ஒரு சீட்டை எடுத்துக் குழாய்த் தண்ணீரில் முக்கிக் காட்டினேன். கடல் தண்ணீரில் முக்கினேன். ஐஸ் தண்ணீரில் போட்டுத் தேய்த்தேன். ஒரு புள்ளிகூடக் கலையவில்லை. அந்தச் சூட்டோடு அவர் ஐஸ் பெட்டியிலும் ‘ஜெசிந்தா’ என்று பெரிதாக எழுதிக் கொடுத்தேன்.

பிறகு சீட்டுகளைச் சிலந்தி இருந்த சின்ன பிளாஸ்டிக் குழாய்களுக்குள் போட்டு, பூச்சி கெடாமல் இருக்க அவற்றில் ஊற்றவேண்டியதை ஊற்றினேன். ஸ்பிரிட். உலகத்தில் உள்ள எல்லாத் தண்ணீரிலும் சோதித்தவன், அதில் மட்டும் சோதிக்கவில்லை.

திரும்பும்போது உச்சிப்புளியில் ஒரு ஆடு குறுக்கே வந்தது. டிரைவர் பிரேக் போட்டார். மடியில் இருந்த டப்பா பறந்து, கரையில் பிடித்த தொண்டிக் குழாய், உச்சிப்புளிக் குழாய், தீவுக் குழாய் எல்லாம் பேருந்து முழுக்க உருண்டன. பயணிகள் குனிந்து குனிந்து பொறுக்கிக் கொடுத்தார்கள்.

“எல்லாம் கலந்துபோச்சே தம்பி, மருந்தா?” என்றார் பக்கத்து சீட்டுப் பெரியவர்.

“பரவால்லைங்கய்யா, எல்லாத்துலயும் பேர் எழுதியிருக்கு,” என்றேன். அவ்வளவு பெருமையாக நான் அதற்குப் பிறகு எதையும் சொன்னதில்லை.

விடுதிக்கு வந்ததும் அன்றைக்கே பிரித்து வைத்திருக்கலாம். அலுப்பு. நான்கு நாள் தூங்கினேன். ஐந்தாம் நாள் ஆய்வகத்தில் டப்பாவைத் திறந்தால், எல்லாக் குழாயிலும் இளநீல ஸ்பிரிட். அதற்குள் ஒரு சிலந்தி, ஒரு வெள்ளைச் சீட்டு. நீல மார்க்கர் எழுத்து அத்தனையும் ஸ்பிரிட்டில் கரைந்துபோயிருந்தது.

“மரபணுவை வச்சு எந்த ஊருன்னு கண்டுபிடிச்சிரலாம் மேடம்,” என்றேன்.

மேடம் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “ஊர் தெரிஞ்சாத்தான் மரபணு வேறயான்னு சொல்ல முடியும். அந்தச் சிலந்திகளுக்குத் தாங்க எங்க பிறந்தோம்னு தெரியும். உங்களுக்குத்தான் தெரியாது,” என்று சொல்லிவிட்டு, மேசை டிராயரில் இருந்து ஒரு பென்சிலை எடுத்துக் கொடுத்தார்.

மற்ற இடங்களில் மறுபடி பிடித்துக்கொள்ளலாம். தோப்பு?

ஓடினேன். தங்கச்சிமடத்தில் இறங்கியபோது, மரம் இருந்த இடத்தில் செங்கல் அடுக்கி, ஒரு பக்கம் சுவரும் எழுப்பத் தொடங்கியிருந்தார்கள். அக்கா வாசலில் நண்டுக்கு ஐஸ் போட்டுக்கொண்டிருந்தார். பெட்டியில் நான் எழுதிய ‘ஜெசிந்தா’ புதுக்கருக்கு மாறாமல் இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. நடந்ததைச் சொன்னேன்.

“பெட்டியில கெடக்கு. பாட்டில்ல போயிருச்சா?” என்றார். “இங்கன நண்டு விக்கிறவளுக்கு நிக்கிற எழுத்து, படிக்கிற ஒனக்கு நிக்கலையே தம்பி.”

புதுச் சுவரில் ஒரு சிலந்தி உட்கார்ந்திருந்தது. அக்கா அதை இரண்டு விரலால் எடுத்து நீட்டினார்.

“இது எங்க தோப்புதா?”

செங்கல் லாரியில் எங்கிருந்தோ வந்திருக்கலாம். “தெரியலக்கா,” என்றேன்.

அவர் அதைச் சுவரிலேயே விட்டுவிட்டு, “சாப்ட்டியா?” என்று கேட்டார்.

வேறு இடங்களில் பிடித்துப் பட்டம் வாங்கிவிட்டேன். ஆய்வேட்டில் ஜெசிந்தா தோப்பு இல்லை. வீட்டில் மீன் குழம்பு வைத்தால் அம்மா இன்றைக்கும், “இது தீவு மீனா, கரை மீனான்னு டாக்டர் சொல்லட்டும்,” என்பார். “அவன்ட்ட கேக்காத, உள்ளதையும் அழிச்சுப்புடுவான்,” என்பார் அய்யா. என் கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்தபோது, ஊர் முன்னால் அதைத் தண்ணீரில் முக்கிப் பார்த்தவர் அவர்.

ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அக்கா கருவாட்டுப் பார்சல் அனுப்புகிறார். அனுப்புநர் இடத்தில் கோணல் எழுத்தில் ‘ஜெசிந்தா தோப்பு, தங்கச்சிமடம்’ என்றிருக்கும். பென்சிலில்.

“ஏலே, ஒன் தோப்பு வந்திருக்கு,” என்று அய்யா சத்தம் போட்டுப் படிப்பார். வீடே சிரிக்கும். நானும் சிரித்துவிட்டு, அந்தச் சீட்டை மட்டும் கத்தரித்து எடுத்துவைப்பேன். அங்கே ஒரு தோப்பு இருந்ததற்கு என்னிடம் இருக்கிற லேபிள் அதுதான்.