வேண்டாம்னா சொல்லுங்க

சும்மா உட்கார்ந்திருப்பது சுலபம் என்றொரு நம்பிக்கை மனித குலத்தில் வேரோடிக் கிடக்கிறது. இது பிழை. சாதாரணப் பிழையும் அல்ல. பூமி தட்டையானது என்று நம்பியவர்கள்கூட அந்த நம்பிக்கையால் தங்கள் வீட்டில் ஓர் அறையைப் பறிகொடுத்ததாகச் சான்று இல்லை. சும்மா உட்கார்ந்திருப்பது சுலபம் என்று நம்பி அறையைப் பறிகொடுத்தவர் ஒருவர் இருக்கிறார். குடிநீர் வாரியத்தில் குழாய் வரைபடம் போடுகிறவர்.

நகரத்துக்கு அடியில் எந்தக் குழாய் எங்கே திரும்புகிறது, எது எதன்மேல் ஏறிப் போகிறது என்பதையெல்லாம் மெல்லிய நீலக் கோடுகளாக இழுப்பது அவர் பிழைப்பு. இத்தனை வருட உழைப்பும் மண்ணுக்கடியில். பூமிக்கு மேலே, நாலு பேர் நின்று பார்க்கிற மாதிரி, ஒரே ஒரு காரியம் செய்துவிட வேண்டும் என்ற தாகம் ஐம்பது வயதில் அவரைப் பிடித்தது. பிடித்ததும் அவர் போய்ச் சேர்ந்த இடம் கலைக்கல்லூரியின் மாலை வகுப்பு. படித்தது பெர்ஃபார்மன்ஸ் ஆர்ட்.

இதில் ஆட்டம் கிடையாது, பாட்டு கிடையாது, வேஷம் கிடையாது. ஓவியர் துணியில் தீட்டுகிறார். சிற்பி கல்லைக் கொத்துகிறார். இந்தக் கலைஞர் தம்மையே கொண்டுபோய் நடுவில் வைத்துவிடுகிறார். அவர் செய்வதுதான் படைப்பு. ஒன்றும் செய்யாமல் இருந்தால் அது இன்னும் ஒரு படி உயர்ந்த படைப்பு.

இரண்டு ஆண்டுப் படிப்பில் அவர் பயிற்சிக்கு வீடும் தெருவும் தாங்கவில்லை. பேருந்து நிறுத்தத்திலிருந்து வீடுவரை பின்னோக்கியே நடந்தார். தபால்காரர் அன்று முதல் எதிர்ச்சாரியில் போகிறார். ஒரு பெரிய பனிக்கட்டியை மடியில் வைத்துக்கொண்டு அது கரையும்வரை கூடத்தில் உட்கார்ந்தார். கீழ்வீட்டுக்காரர் மேல்தளம் ஒழுகுகிறது என்று குடிநீர் வாரியத்துக்கே புகார் கொடுத்தார். அந்தப் புகாரைப் பெற்றுக்கொண்டு கையெழுத்துப் போட்டவரும் இவரேதான்.

பயிற்சிக்கென்று சேர்ந்த பொருள்கள் பின்னறையில் குவிந்தன. கம்பி மட்டும் மிஞ்சிய குடைகள், சக்கரம் கழன்ற குழந்தை வண்டி, ஜவுளிக்கடை தள்ளிவிட்ட கையில்லாப் பொம்மை, ரசம் போன கண்ணாடிகள், மூட்டை மூட்டையாய்ச் சருகு. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கதவு. இடிபடும் வீட்டிலிருந்து நிலையோடு பெயர்த்து, மாடி ஏற்றி, முதுகைப் பிடித்துக்கொண்டு ஒரு வாரம் படுத்திருந்தார். இறுதித் தேர்வில் தேறிவிட்டால் கல்லூரியின் ஆண்டுக் காட்சியில் இடம் கிடைக்கும்; அங்கே இந்தக் கதவின் வழியாக நாள் முழுக்கப் போவதும் வருவதுமாக இருப்பது என்பது அவர் கனவு.

"எங்க போவீங்க?" என்று கேட்டாள் மனைவி.

"போறதுதான் முக்கியம். போற இடம் முக்கியமில்ல."

"அப்ப மருந்துக்கடைப் பக்கமாப் போயிட்டு வாங்களேன். தைலம் தீந்துபோச்சு."

மனைவி மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். "மூச்சை இழுங்க, பிடிங்க, அசையாதீங்க" என்று காலை முதல் மாலைவரை ஊரையே உறைய வைப்பவள். அவளுக்கு ஒரு கொள்கை உண்டு. புருஷன் பொருளை அவரைக் கேட்காமல் தொடமாட்டாள். கேட்பாள். அவர் "வேண்டாம்" என்பார். பொருள் இருந்த இடத்திலேயே இருக்கும். இப்படியாகப் பின்னறை நிறைந்தது.

சிக்கல் ஒரு தொலைபேசி அழைப்பில் ஆரம்பித்தது. அவளுடைய அண்ணனுக்கு மூட்டு அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. திங்கட்கிழமை இங்கே வந்து, நடை பழகும்வரை தங்கப்போகிறார்.

"ஞாயித்துக்கிழமை பின்னறையைக் காலி பண்ணணும். நீங்களும் கூட நில்லுங்க" என்றாள்.

கணவர் யோசித்தார். மறுநாளே பேராசிரியையைப் போய்ப் பார்த்தார். அந்த அம்மையாருக்கு இடது புருவம் எப்போதும் சற்று மேலே ஏறியே நிற்கும். வியப்பா சந்தேகமா என்று எந்த மாணவராலும் கண்டுபிடிக்க முடிந்ததில்லை. ஆகவே பெயரே புருவம் என்றாகிவிட்டது. இறுதித் தேர்வை வீட்டிலேயே, அதுவும் வரும் ஞாயிற்றுக்கிழமையே வைத்துக்கொள்கிறேன் என்றார் கணவர். சரி, நாலு மணிக்கு வந்து பார்க்கிறேன் என்றது புருவம்.

தேர்வும் ஆச்சு, அறையும் தப்பிச்சுது என்று வழியெல்லாம் தமக்குள் சிரித்துக்கொண்டே வந்தவர், இரவுச் சாப்பாட்டின்போது மெல்ல விஷயத்தை அவிழ்த்தார்.

"காலையில பத்து மணிக்குக் கூடத்து நாற்காலியில உக்காருவேன். சாயங்காலம் ஆறு வரைக்கும் பேச்சு கிடையாது, அசைவு கிடையாது. அதான் தேர்வு. அதனால ஞாயித்துக்கிழமை என்னால..."

"தலையாட்டலாமா?" என்றாள் அவள்.

அவர் எதிர்பார்த்தது சண்டையை. வந்தது கேள்வி.

"கூடாது. அது அசைவு."

"கண்ணால ஜாடை?"

"அதுவும் அசைவுதான். மூச்சு விடலாம், இமைக்கலாம். அதெல்லாம் உடம்பு தானாச் செய்யுற வேலை."

"யாராவது வந்தா?"

"வர்றவங்க எல்லாரும் பார்வையாளர். அவங்க என்ன செஞ்சாலும் நான் ஏத்துக்கணும். இந்தக் கலைக்கே உயிர் அதுலதான் இருக்கு. வாயைத் தொறந்தேன்னா அந்த நிமிஷமே தேர்வு போச்சு. ஆண்டுக் காட்சியும் போச்சு."

"என்ன செஞ்சாலுமா?"

"என்ன செஞ்சாலும்."

"நானும் பார்வையாளரா?"

"நீதான் முதல் பார்வையாளர்."

அவள் தட்டில் விரலால் ஏதோ கோடு போட்டபடி இருந்தாள். "நல்லா இருக்கேங்க இந்தக் கலை. இவ்வளவு நாளா எனக்கு ஏன் சொல்லித் தரலை?" என்றாள்.

கணவருக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. இரண்டு ஆண்டுகளில் வீட்டில் ஒருவர் அக்கறையாகக் கேட்பது இதுவே முதல் தடவை. அவள் கேட்டதற்கும் சொன்னார், கேட்காததற்கும் சொன்னார். பார்வையாளரும் படைப்பில் சரிபாதி என்பதை, அவளுக்குப் புரியாமல் போய்விடுமோ என்று, இரண்டு முறை சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு உட்கார்ந்தார். முந்தின நாளிலிருந்தே தண்ணீரைக் குறைத்திருந்தார். குடிநீர் வாரிய ஊழியருக்கு அது தியாகம்தான்.

பத்தே கால் மணிக்கு மனைவி குடைகளை அள்ளிக்கொண்டு வந்து எதிரே நின்றாள்.

"என்னங்க, இதையெல்லாம் எடுத்துப் போட்டுடலாமா? வேண்டாம்னா சொல்லுங்க."

அவர் சொல்லவில்லை. அவள் காத்திருந்தாள். நோயாளி மூச்சைப் பிடிக்கும்வரை எவ்வளவு பொறுமையாகக் காத்திருப்பாளோ அவ்வளவு பொறுமை. பிறகு "சரி" என்று குடைகளோடு வாசலுக்குப் போனாள்.

வேடிக்கை பண்ணுகிறாள் என்று நினைத்தார் கணவர். வாசலில் பழைய சாமான் வாங்குகிறவரின் வண்டி மணி கேட்டபோது அப்படி நினைப்பதை நிறுத்தினார்.

சாமான்காரர் உள்ளே வந்து, நாற்காலியில் இருந்தவரை ஏற இறங்கப் பார்த்தார். "ஐயா ஒண்ணும் சொல்லலீங்களாம்மா?"

"நான் கேட்டாச்சு. நீங்களும் ஒரு தடவை கேட்டுருங்க. நாளைக்கு யாரும் குறை சொல்லக்கூடாது."

சாமான்காரர் குனிந்து, காதருகே, "ஐயா, குழந்தை வண்டியை எடுத்துக்கலாங்களா?" என்றார். ஐயாவின் வயிற்றுக்குள் ஒரு குழாய் வெடித்தது. வெளியே சத்தம் வரவில்லை.

"தங்கமான மனுஷருங்க. எங்க போனாலும் ஆம்பளைங்கதான் வந்து மறிப்பாங்க" என்று வண்டியைத் தூக்கினார் சாமான்காரர்.

கண்ணாடிகள் போயின. சருகு மூட்டைகள் போயின. ஒவ்வொன்றையும் கொண்டுவந்து, முகத்துக்கு நேரே காட்டி, மரியாதையாகக் கேட்டு, பொறுமையாகக் காத்திருந்து, பிறகுதான் அனுப்பினாள். நடுவில் ஒருமுறை அருகே வந்து அவர் தோளை உற்றுப் பார்த்தாள். "வலது தோள் லேசா ஏறுதுங்க. இறக்கிக்குங்க. எங்க ஆஸ்பத்திரியா இருந்தா படம் மங்கலாகி, இன்னொரு தடவை எடுக்கச் சொல்லியிருப்பேன்."

தோள் இறங்கியது. அது அசைவா இல்லையா என்று பாடத்தில் இல்லை.

சத்தம் கேட்டுக் கீழ்வீட்டுக்காரர் ஏறி வந்தார். பனிக்கட்டி நாளிலிருந்து இந்த வீட்டில் என்ன நடந்தாலும் அவர் நேரில் வந்து பார்த்துவிடுவது வழக்கம்.

"சாருக்கு என்னம்மா?"

"கலைங்க அண்ணே."

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷமா இருக்கு. இன்னைக்குத்தான் முத்தியிருக்கு."

"டாக்டர் வர்றாரா?"

"நாலு மணிக்கு ஒருத்தங்க வர்றாங்க."

கீழ்வீட்டுக்காரர் எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பேசாத ஆள் கிடைப்பது அபூர்வம். அவர் அரசியல் சொன்னார், தம் பித்தப்பையைப் பற்றிச் சொன்னார், பிறகு மனப்பூர்வமாக இப்படி ஒன்று சொன்னார்: "நம்ம தெருவுக்குத் தண்ணி வடக்கேருந்துதான் வருது, தெரியுமோ? அதான் இந்த ருசி."

தண்ணீர் மேற்கிலிருந்து வருகிறது. மேற்கு நீர்த்தேக்கத்திலிருந்து கிளம்பி, சந்தைக்கடியில் திரும்பி, பள்ளிக்கூடத்து மூலையில் கிளை பிரிந்து வருகிறது. அந்தக் கோட்டை இழுத்ததே இவர் கை. வடக்கு என்ற அந்தச் சொல் கூடத்தில் தொங்கிக்கொண்டே இருந்தது. குழந்தை வண்டி போனபோதுகூடக் கலங்காத கண்கள் இப்போது பிதுங்கின.

"கழுத்து நரம்பு துடிக்குதுங்க" என்றாள் மனைவி, போகிற போக்கில்.

நாலு மணிக்குப் பேராசிரியை வந்தார். சுவரோரமாக நின்றார். மனைவி அவருக்கு வணக்கம் சொல்லிவிட்டு, வேலையை நிறுத்தாமல், கையில்லாப் பொம்மையைக் கொண்டுவந்து கணவர் பக்கத்தில் நிறுத்தினாள். "என்னங்க, இதை அனுப்பிடலாமா? வேண்டாம்னா சொல்லுங்க." கணவரையும் பொம்மையையும் மாறி மாறிப் பார்த்தாள். இருவரும் ஒன்றும் சொல்லவில்லை. பொம்மை போயிற்று.

பேராசிரியையின் வலது புருவமும் மேலே ஏறியது. கல்லூரி வரலாற்றில் அது அதுவரை நடந்ததில்லை.

கடைசியில் கதவு வந்தது. ஒரு பக்கம் சாமான்காரர், மறுபக்கம் கீழ்வீட்டுக்காரர், நடுவில் மனைவி. கணவருக்கு நேரெதிரே நிறுத்தி வைத்தார்கள். நிலைக்குள் அவர் முகம் சட்டம் போட்ட படம் மாதிரி தெரிந்தது.

"என்னங்க. இது நீங்க ஆசையா வச்சிருந்தது. எனக்குத் தெரியும்" என்றாள். இந்தத் தடவை அவள் குரல் கொஞ்சம் தாழ்ந்திருந்தது. "நிதானமா யோசிங்க. எவ்வளவு நேரம் வேணும்னாலும் நிக்கிறோம். வேண்டாம்னா சொல்லுங்க."

கீழ்வீட்டுக்காரர்கூட வாயை மூடிக்கொண்டார். கணவர் மனத்தில் கணக்கு ஓடியது. வாயைத் திறந்தால் கதவு மிஞ்சும், காட்சி போய்விடும். திறக்காவிட்டால் காட்சி மிஞ்சும், கதவு போய்விடும். கதவில்லாத காட்சியில் எதன் வழியாகப் போவது? காட்சியில்லாத கதவை வைத்துக்கொண்டு எங்கே போவது? உதடுகள் லேசாகப் பிரிந்தன. எல்லோரும் ஓர் அங்குலம் முன்னால் சாய்ந்தார்கள். உதடுகள் மூடிக்கொண்டன. இடது கண்ணிலிருந்து ஒரு துளி இறங்கி மூக்கோரமாய் வழிந்தது.

மனைவி முந்தானை நுனியால் அதை ஒற்றினாள். "அசையாதீங்க" என்றாள், மருத்துவமனைக் குரலில். பிறகு கதவைக் காட்டித் தலையசைத்தாள். கதவு படியிறங்கும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

ஆறு மணி அடித்ததும் கணவர் எழுந்தார். மரத்துப்போன கால்கள் மடங்க, நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டே முதல் வார்த்தை பேசினார்.

"மேற்கு" என்றார், கீழ்வீட்டுக்காரரைப் பார்த்து.

அவர் எப்போதோ போய்விட்டிருந்தார்.

பேராசிரியை நேராக மனைவியிடம் போய் அவள் இரு கைகளையும் பிடித்துக்கொண்டார். "ஒரு மனுஷரைக் கேட்டுக் கேட்டே அவரோட உலகத்தைக் காலி பண்றது... இவ்வளவு மரியாதையா ஒரு வன்முறையை நான் பார்த்ததே இல்லை. எத்தனை நாளாப் பயிற்சி பண்றீங்க?"

"கல்யாணம் ஆனதுலேருந்துங்க."

"மேடம்" என்றார் கணவர், "நான் எட்டு மணி நேரம்..."

"நீங்களும் நல்லா உக்காந்திருந்தீங்க" என்றார் பேராசிரியை. தேறியதாகவும் சொன்னார். ஆண்டுக் காட்சியைப் பற்றிப் பேசியதெல்லாம் மனைவியோடுதான்.

அன்று இருட்டும்வரை கணவர் பின்னறை வாசலில் நின்று உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். பெருக்கித் துடைத்த தரை, விரித்த கட்டில், ஜன்னல் வெளிச்சம். இந்த அறைக்கு ஜன்னல் இருப்பது இரண்டு ஆண்டுகளாக அவருக்கு மறந்தே போயிருந்தது. மனைவி வந்து பக்கத்தில் நின்றாள்.

"உள்ளுக்குள்ள என்னங்க தோணுச்சு, உக்காந்திருந்தப்ப?" உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுத்தான் கேட்டாள்.

அவர் சொல்ல ஆரம்பித்தார். தைலம் தேய்த்து முடிக்கும்வரை சொன்னார். அவள் இடையிடையே கேள்வி கேட்டாள். சிலது அவருக்கே தோன்றாத கேள்விகள்.

வியாழக்கிழமை, ஆண்டுக் காட்சி நடக்கும் கலைக்கூடத்திலிருந்து மனைவிக்கு அழைப்பு வந்தது. கைகளில் மாவு இருந்ததால் ஒலிபெருக்கியில் போட்டுப் பேசினாள். நாற்காலி அங்கேயே இருக்கிறது என்றார் ஏற்பாட்டாளர். சாமான்காரர் வேடத்துக்கு ஒரு மாணவர் தயார் என்றார்.

"அப்புறம் மேடம், உங்க வீட்டுக்காரருக்கு வர வசதிப்படலைன்னா சங்கடப்படாதீங்க. அதே உயரத்துல வேற ஒருத்தரை நாங்களே பார்த்து உக்கார வச்சுக்கறோம்."

வெள்ளிக்கிழமை காலை கணவர் அலுவலகம் திறக்கும் முன்பே போய் நின்று, காட்சி நாளுக்கு விடுப்பு எழுதிக் கொடுத்தார்.