ஊசி ஓட்டைக்கு ஒரு சர்டிபிகேட்

"மறுபடியும் ஃபெயிலுங்களா?" என்று மதுமதி கேட்டபோது நாச்சிமுத்துவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு, "ஆமாங்க" என்றார்.

மதுமதி ஒரு பனியன் கம்பெனியின் ஹெச்.ஆர். நாச்சிமுத்து அங்கே இருபத்தாறு வருஷமாகச் செக்கிங். துணியில் ஊசி ஓட்டை இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு விரலாலேயே கண்டுபிடிப்பார். அதெல்லாம் போதாதாம். சரக்கு வாங்கும் வெளிநாட்டுக்காரன் சொல்லிவிட்டான், ஆளாளுக்கு சர்டிபிகேட் வேண்டுமென்று. ஆறு மணி நேரப் படிப்பு, போனிலேயே பரீட்சை. ரிசல்ட்டை டிரெய்னிங் சென்டரிலிருந்து கூப்பிட்டுச் சொல்வார்கள். கம்பெனிக்கு லிஸ்ட் மாசக் கடைசியில்தான் வரும்.

முதல் பரீட்சையை ஒழுங்காகத்தான் எழுதினார். சென்டரிலிருந்து சாயிமா என்ற பெண் கூப்பிட்டாள்.

"நாச்சிமுத்து சாருங்களா? ரிசல்ட் சொல்லத்தான்..."

"சொல்லு கண்ணு. நாலு நாளாச்சு இந்த போன் அடிச்சு. ரிப்பேரோன்னு கடைக்கே கொண்டுபோயிட்டேன். நல்லாத்தான் இருக்குதுன்னுட்டான்."

அந்தப் பக்கம் ஏதோ பேப்பரைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"சார்... ஃபெயிலுங்க. தினம் ஏழு மணிக்கு நானே கூப்பிட்டுப் பாடம் சொல்லித் தர்றேன்."

மனைவி போய் மூன்று வருஷம். மகன் பெங்களூரில், தீபாவளிக்கு மெசேஜ் அனுப்புவான். வீட்டில் டிவி மட்டும்தான் பேசும். அப்படிப்பட்ட மனுஷனுக்கு தினம் ஏழு மணிக்கு ஒரு குரல் கிடைத்தால் விடுவாரா? பாடம் ஐந்து நிமிஷம், ஊர்க்கதை அரை மணி. அடுத்த இரண்டு பரீட்சையிலும் தெரிந்த விடையை விட்டுவிட்டு, தேடித் தேடித் தப்பாகவே தட்டினார்.

மேனேஜர் அருள்செல்வன் சும்மா இருப்பாரா? செக்கிங் டேபிளிலிருந்து எழுப்பி, அட்டைப்பெட்டி ஒட்ட அனுப்பிவிட்டார். நாச்சிமுத்து ஒட்டியதில் பாதி, லாரி ஏறுமுன்பே வாயைப் பிளந்தது.

"வெள்ளிக்கிழமை அந்த வெளிநாட்டுக்காரனோட ஆடிட்டுங்க. அதுக்குள்ள பாஸாகலீன்னா ஊட்லயே இருந்துக்கங்க."

அந்த வீட்டிலா? நாள் முழுக்கவா? பெட்டி ஒட்டுவதை சாயிமாவிடம் சொல்லவும் வெட்கம். வியாழக்கிழமை எல்லா விடையையும் சரியாகத் தட்டினார். இனி ஏழு மணிக்கு யாரும் கூப்பிட மாட்டார்கள் என்று நினைத்ததும் அழுகையே வந்துவிட்டது.

ஏழு மணிக்கு போன் அடித்தது.

"ஃபெயிலுங்க சார்."

"அய்யோ, எல்லாம் சரியாத்தானே போட்டேன் கண்ணு!"

"இந்தத் தடவை பேப்பர் கொஞ்சம் கஷ்டம் சார். நாளைக்குப் பேசலாம்."

மறுநாள் காலை, சொல்லிக்கொண்டு போய்விடலாம் என்று மதுமதி முன்னால் போய் நின்றார். அவள் கையில் லிஸ்ட் வந்திருந்தது. அதைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். சென்டருக்கு போன் போட்டு மெதுவாக என்னவோ பேசிவிட்டு வைத்தாள்.

"மொதப் பரீட்சையிலயே நீங்க தொண்ணூத்தாறு மார்க்குங்க, பாஸானவங்களை மறுக்காக் கூப்பிடக் கூடாதுன்னு அங்க ரூலாமா, 'எனக்கும் இந்த ஊர்ல பேச வேற ஆளில்லைக்கா, சார்கிட்டச் சொல்லிராதீங்க'ன்னு அந்தப் புள்ள அழுகுதுங்க."